போ என்றொரு குழாய், வா என்றொரு குழாய்

என் தோழிக்கு,

இன்று கல்லூரிக் கணினிக் கூடத்தில் நான் போட்ட கூச்சலைக் கேட்டிருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். ஓய்வு பெற்ற பிறகும் வாரத்தில் இரண்டு நாள் அங்கே பாடம் எடுக்கிறேன். ஒரு மாணவி பழைய கோப்புகளைத் துப்புரவு செய்துகொண்டிருந்தாள். திரையில் வரிசையாகப் பெயர்கள். ஒரு வரியின் தொடக்கத்தில் மட்டும் ‘பி’ என்ற சின்ன ஆங்கில எழுத்து. “மேடம், இந்த ஃபைல்ல ஒண்ணுமே இல்ல. சைஸ் ஜீரோன்னு காட்டுது. டெலீட் பண்ணிடறேன்” என்று விசையில் கை வைத்தாள். “தொடாதே!” என்று கத்திவிட்டேன். கூடமே திரும்பிப் பார்த்தது.

“அது காலி ஃபைல் இல்லம்மா. அது குழாய். இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர் இருப்பாங்க” என்றேன். அதற்குப் பிறகு எடுக்க வேண்டிய பாடத்தை விட்டுவிட்டு உன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். மணி அடித்தும் பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எண்பதுகளின் பின்பாதி. பழவேற்காட்டில் ஒரு வீட்டு மாடியை வாடகைக்கு எடுத்து, சென்னையிலிருந்து ஓர் ஆராய்ச்சித் திட்டத்தின் கிளை நிலையம் நடத்தினார்கள். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மணல் திட்டு இடம் மாறிக்கொண்டே இருந்த காலம் அது. காலையில் ஆழமாக இருந்த இடம் மத்தியானம் முழங்கால் தண்ணீராகிவிடும். கடலுக்குப் போன படகு திரும்பும்போது, திட்டின் மேல் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அடியில் தட்டினால் படகு குறுக்கே திரும்பும். அடுத்த அலை கவிழ்த்துவிடும். அதனால் முகத்துவாரத்தில் ஓர் அளவுகோல் நட்டு, தண்ணீர் ஏறுவதையும் இறங்குவதையும் கணினியில் கொடுத்து, எப்போது உள்ளே வரலாம் என்று கணித்துக் கொடி ஏற்றிச் சொல்வதுதான் எங்கள் வேலை. வெள்ளைக் கொடி என்றால் வரலாம். சிவப்பு என்றால் வெளியிலேயே நிற்க வேண்டும்.

நான் காட்டூரிலிருந்து வந்தவள். நெல் விளையும் ஊர்க்காரிக்கு ஏரியும் தெரியாது, கடலும் தெரியாது. சென்னையில் கம்ப்யூட்டர் படித்ததற்காகக் கிடைத்த வேலை. திருப்பாலைவனம் வழியாக வரும் காலை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து சேர்ந்த முதல் நாள், மாடிப்படியில் தலையில் முக்காட்டோடு ஒரு பெண் நின்று வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள். “காட்டூரா? வா வா. உள்ள பீரோ மாதிரி ஒண்ணு உக்காந்துகினு கீது. அதுதான் மிஷினு. பயப்படாத, கடிக்காது” என்றாள். அன்றிலிருந்து உனக்கு நான் ‘காட்டூரு’. என் உண்மையான பெயரை நீ எத்தனை முறை சொல்லியிருப்பாய் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒரு முறைகூட நினைவுக்கு வரவில்லை.

நீ கணக்கில் பட்டம் வாங்கியவள். உங்கள் தெருவில் வேலைக்குப் போன முதல் பெண்ணும் நீதான். உன் அண்ணன் காசிமுக்கு அது பிடிக்கவில்லை. உங்கள் வாப்பாவின் கடையில் உட்காராமல் படகு வாங்கித் தானே கடலுக்குப் போன முரட்டு மனிதர் அவர். “வூட்ல இன்னா கொறச்சல்னு வேலைக்குப் போறா?” என்று உம்மாவிடம் கேட்டவர், அதன் பிறகு உன்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். ஒரே வீடு, ஒரே அடுப்புச் சோறு, ஆனால் பேச்சு இல்லை. நீ அதைச் சிரித்துக்கொண்டே சொல்வாய். “பேசாம எவ்ளோ நாள் இருப்பாரு? நாக்கு அரிக்காதா?” என்பாய். சிரித்து முடித்ததும் சற்று நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பாய். 

நம்முடைய தலைவலி வேறு. தண்ணீர் ஏற்ற இறக்கத்தைக் கணிக்கும் நிரல் நாம் எழுதியதில்லை. எங்கோ வெளியிலிருந்து ஒரு டேப்பில் வந்தது. அதை ஓட்டலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று பார்க்கவும் முடியாது, ஓர் எழுத்தை மாற்றவும் முடியாது. நீ அதற்கு ‘வெளியூர்க்காரர்’ என்று பெயர் வைத்தாய். “நம்ம பேச்ச அவரு கேக்க மாட்டாரு. அவரு பேச்சத்தான் நாம கேக்கணும்” என்றாய். அந்த வெளியூர்க்காரர் எழுந்ததும் தன் பெரிய அட்டவணைகளைப் படிக்க ஏறக்குறைய அரை மணி நேரம் எடுப்பார். பிறகு இரண்டே கேள்வி கேட்பார்: அளவுகள் இருக்கும் கோப்பின் பெயர் என்ன, விடையை எழுத வேண்டிய கோப்பின் பெயர் என்ன. கோப்பைக் கடைசி வரை படித்து, விடையை எழுதிவிட்டு மறுபடி தூங்கப் போய்விடுவார். புதிதாக ஓர் அளவு வந்தால் மறுபடி எழுப்ப வேண்டும். மறுபடி அரை மணி நேரம். அதற்குள் முகத்துவாரத்தில் தண்ணீர் எங்கோ போயிருக்கும்.

ஒரு நாள் அப்படித்தான் ஆயிற்று. நம் விடை வந்து வெள்ளைக் கொடி ஏறியபோது தண்ணீர் வற்றத் தொடங்கியிருந்தது. கொடியை நம்பி வந்த படகு திட்டில் தட்டிக் கவிழ்ந்தது. ஆட்கள் நீந்திக் கரையேறினார்கள், வலைகள் போயின. முகத்துவாரத்தில் அளவுகோல் பார்த்துக் கொடி ஏற்றும் செல்வம், அங்கே இருக்கும் மீனவர் குப்பத்துக்காரர். கவிழ்ந்தது அவருடைய சித்தப்பாவின் படகு. மறுநாள் குப்பத்தில் நம்மைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். ஊர்த் தலைவர் கோபப்படக்கூட இல்லை. “கொடி இல்லாத காலத்துல நாங்களா பாத்து வந்தோம். கொடி வந்தப்புறம் கொடிய பாத்து வந்தோம். ரெண்டுல எதுன்னு இப்ப எங்களுக்கே தெரியல. வாணாம்மா, எறக்கிடுங்க” என்றார். செல்வம் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

விஷயம் சென்னைக்குப் போயிற்று. திட்டத் தலைவர் நேரில் வந்து, பொங்கலோடு நிலையத்தை மூடிவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது நான் அழுதேன். நீ அழவில்லை. மாடியிலிருந்த தடித்தடியான கையேடுகளில் ஒன்றை முக்காட்டுக்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டுபோனாய்.

மறுநாள் காலை பஸ் வந்து நிற்பதற்குள் நீ ஜன்னல் கம்பியைத் தட்டிக்கொண்டு ஓடி வந்தாய். “ஏய் காட்டூரு! எறங்குடி சீக்கிரம்! வெளியூர்க்காரர ஏமாத்தப் போறோம்!”

படியேறும்போதே மூச்சிரைக்கச் சொல்லிக்கொண்டு வந்தாய். கோப்பு மாதிரி பெயர் இருக்கும், ஆனால் கோப்பு இல்லை. கணினி வட்டில் ஒன்றும் சேராது. ஒரு நிரல் இந்த முனையில் எழுதினால், இன்னொரு நிரல் அந்த முனையில் படிக்கும். பெயருள்ள குழாய். பெயர் தெரிந்தால் போதும், ஒருவரை ஒருவர் தெரியாத இரண்டு நிரல்கள்கூடப் பேசிக்கொள்ளலாம். “வெளியூர்க்காரர் கோப்பு பேரு கேப்பாரில்ல? அப்ப இந்தக் குழா பேர சொல்லு. அவரு கோப்புன்னு நெனச்சிப் படிப்பாரு. படிச்சி முடிச்சா, முடிவு வராது. அடுத்த வரிக்காகக் காத்துகினு இருப்பாரு. தூங்கவே மாட்டாரு! செல்வம் அண்ணன் அளவு சொன்ன ஒடனே உள்ள தள்ளு. ஒடனே விடை!”

நான் படியிலேயே நின்றுவிட்டேன். அந்த நிமிடம் எனக்கு முதுகில் ஓடிய சிலிர்ப்பை இன்றுவரை வேறெந்த வேலையிலும் நான் உணர்ந்ததில்லை. நிரலின் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம். அதற்குத் தெரியாமலேயே அதை விழித்திருக்க வைக்கலாம்.

இரண்டு குழாய் செய்தோம். அளவுகள் போவதற்கு ஒன்று, விடை வருவதற்கு ஒன்று. பெயர் வைக்கும் வேலை எப்போதும் உன்னுடையதுதான். ஒன்றுக்கு ‘போ’, மற்றதற்கு ‘வா’. இரண்டு பேரும் ஆளுக்கொரு டெர்மினலில் உட்கார்ந்தோம். உன் பக்கம் வெளியூர்க்காரர். என் பக்கம் நான் அவசரமாக எழுதிய சின்ன நிரல். அவர் அட்டவணைகளைப் படித்து முடிக்கும்வரை நீ மேசையில் விரலால் தாளம் போட்டாய். கேள்வி வந்தது. போ என்றாய். வா என்றாய். நான் என் நிரலை ஓட்டினேன்.

ஒன்றுமே நடக்கவில்லை. இரண்டு திரையும் அப்படியே நின்றன. கொஞ்ச நேரம் கழித்து நான், “தொங்கிடுச்சு” என்றேன்.

“தொங்கிடுச்சுன்னு சொல்லாத” என்று நீ சீறினாய். “யாருக்காகக் காத்துகினு இருக்குன்னு கேளு.”

மறுபடி ஓட்டினோம். மறுபடி மௌனம். உம்மா கொடுத்தனுப்பியிருந்த இறால் சோற்றைத் தொடக்கூட இல்லை. மூன்றாவது முறையும் அப்படியே நின்றபோது நீ பொறுமை இழந்து என்னை நகர்த்திவிட்டு, என் நிரலைப் பின்னணியில் ஓட விட்டு, அதே டெர்மினலிலிருந்து ஒரு வரி அளவை நேராகப் போ குழாயில் கொட்டினாய். உடனே உன் டெர்மினல் உயிர் பெற்றது. என் நிரலும் கூடவே எழுந்து ஓடியது! இரண்டு பேரும் நாற்காலியிலிருந்து துள்ளினோம்.

நீதான் முதலில் புரிந்துகொண்டாய். குழாயின் ஒரு முனையைத் திறந்தவர், மறுமுனையை யாராவது திறக்கும்வரை வாசலிலேயே நிற்க வேண்டும். வெளியூர்க்காரர் முதலில் போ குழாயைத் திறந்துவிட்டு, நான் எழுத வருவேன் என்று நின்றார். என் நிரலோ முதலில் வா குழாயைத் திறந்துவிட்டு, அவர் விடை சொல்ல வருவார் என்று நின்றது. ஆளுக்கொரு வாசலில் நின்று, எதிராளி இங்கே வரட்டும் என்று காத்திருந்திருக்கிறோம். “அட மடச்சி! அவரு எதத் தொறக்கறாரோ அதயே நீயும் மொதல்ல தொற!” என்று என் தலையில் தட்டினாய். இரண்டு வரியை இடம் மாற்றினேன். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று நினைத்தோம். என் நிரல் ஓர் அளவை எழுதிவிட்டுக் குழாயை மூடியதும் வெளியூர்க்காரர், கோப்பு முடிந்துவிட்டது என்று முடிவு செய்து மறுபடி தூங்கப் போய்விட்டார். நான் மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டேன். நீயோ சிரித்தாய். போ குழாயை எழுதுவதற்காகத் திறந்து, ஒன்றும் எழுதாமல், மூடாமல், சும்மா பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரே வரி நிரலை ஓட்டினாய். அது அப்படிப் பிடித்துக்கொண்டிருக்கும்வரை கோப்பின் முடிவு என்பதே வராது. “எங்க அண்ணன் மாதிரி. வாசல்லயே நிக்கும், ஒரு வார்த்த பேசாது” என்றாய்.

கடைசிச் சிக்கல்தான் பெரிய சிக்கல். அளவு உள்ளே போகிறது, ஆனால் விடை வெளியே வரவில்லை. கையேட்டைப் புரட்டி அதையும் கண்டுபிடித்தோம். வெளியூர்க்காரர் விடையை வரிவரியாகக் கொடுப்பவரில்லை. வயிறு நிறையச் சேர்த்துவைத்து ஒரே மூச்சில் கொட்டுபவர். அதை மாற்ற அவருக்குள் கை வைக்க வேண்டும், அது முடியாது. அன்று மத்தியானம் முழுதும் எதிரெதிரே உட்கார்ந்து வேர்க்கடலை உரித்தோம். வெளியே மீன் ஏலம் விடும் சத்தம் மட்டும் கேட்டது.

இந்த முறை யோசனை எனக்கு வந்தது. நீ அதை எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்படுவாயே, அதனால் நானும் வெட்கமில்லாமல் சொல்லிக்கொள்கிறேன். ஒரே அளவைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் விடை மாறாது. ஒவ்வொரு வரிக்கும் அவர் தனித்தனியாகத்தான் கணக்குப் போடுகிறார். அப்படியானால் அதே அளவையே வயிறு நிறையும்வரை ஊட்டினால் என்ன?

நீ வேர்க்கடலையை வாயில் போடப் போன கையோடு என்னைப் பார்த்தாய். “ஊட்டு” என்றாய்.

ஊட்டினேன். வா குழாயிலிருந்து வரிவரியாக எண்கள் பாய்ந்து திரையை நிறைத்தன. எல்லாம் ஒரே விடை. அது ஒன்று போதுமே! “யா அல்லா, பேசறாருடி! வெளியூர்க்காரர் பேசறாரு!” என்று நீ என்னைப் பிடித்துச் சுற்றினாய். கீழ் வீட்டுக்காரர் படியேறி வந்து, “இன்னா ஆச்சு, பாம்பா?” என்று கேட்டார். நாம் இருவரும் அழுதுகொண்டே சிரித்ததைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

குப்பத்தில் போய்ச் சொன்னோம். குழாய், கோப்பு என்றெல்லாம் நான் விளக்க ஆரம்பித்ததும் நீ என் காலை மிதித்தாய். “அன்னிக்கு விடை தாமசமா வந்துச்சு, அதனால தப்பாச்சு. இப்ப ஒடனே வருது. கொடி ஏத்தல. செல்வம் அண்ணன் அளவு மட்டும் பாத்து சொல்லட்டும். சரியா வருதான்னு நீங்களே பாருங்க” என்றாய். ஊர்த் தலைவர் செல்வத்தைப் பார்த்தார். செல்வம், “நான் பாக்கறேன் தலைவரே. பொய்யாப் போச்சுன்னா கோல நானே புடுங்கிப் போட்டுர்றேன்” என்றார். கவிழ்ந்த படகுக்குச் சொந்தக்காரரின் வீட்டுப் பிள்ளையே அப்படிச் சொன்ன பிறகு யாரும் மறுக்கவில்லை.

சில வாரங்கள் அப்படியே போயின. செல்வம் வயர்லெஸ் செட்டில் அளவு சொல்வார். நாம் விடை சொல்வோம். அவர் அங்கே தண்ணீரைப் பார்ப்பார். “சரியா கீதும்மா” என்று அவர் சொல்லும்போதெல்லாம் நீ சுவரில் கரியால் ஒரு கோடு போடுவாய். வீட்டுக்காரர் திட்டுவார். மார்கழியில் ஊர்த் தலைவர், “கொடிய ஏத்துங்க. பாக்கறவன் பாக்கட்டும்” என்றார். அதற்கு மேல் நமக்கு எதுவும் தேவையில்லை. ஆனாலும் கடலுக்குப் போகிறவர்கள் கொடியைப் பார்த்தும் பார்க்காதது போலத்தான் இருந்தார்கள்.

பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்த அந்த நாள் காலையில் வானம் வெளுத்துத்தான் இருந்தது. படகுகள் வழக்கம்போலப் போயிருந்தன. நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே வாடைக்காற்று புடவையைப் பிடித்து இழுத்தது. மாடிக்கு வந்தபோது நீ ஏற்கெனவே வயர்லெஸ்ஸின் முன் உட்கார்ந்திருந்தாய். முகத்தில் சிரிப்பு இல்லை. “அண்ணன் போயிருக்காரு” என்றாய்.

முற்பகலுக்குள் காற்று மூர்க்கமாகிவிட்டது. படகுகள் திரும்பி வந்து முகத்துவாரத்துக்கு வெளியே சேர்ந்து நின்றன. செல்வத்தின் குரல் காற்றில் பிய்ந்து பிய்ந்து வந்தது. “மொகத்துவார வாய்ல அல ஒடையுது. வெள்ளயா கீது. தண்ணி இன்னும் ஏறிகினுதான் இருக்கு. படகுங்க நிக்குது. அடங்கட்டும்னு பாக்கறாங்க போல.”

நீ அளவைத் தட்டினாய். போ. என் நிரல் அதையே ஊட்டியது. வா. விடை வந்தது. நான் அதை இரண்டு முறை படித்தேன். தண்ணீர் இப்போதுதான் உச்சத்துக்கு வருகிறது. சிறிது நேரத்தில் இறங்கத் தொடங்கும். இறங்கும் தண்ணீர் எதிரே வரும் காற்றோடு மோதினால் முகத்துவாரத்தில் வழியே இருக்காது. அடங்கட்டும் என்று காத்திருப்பவர்கள் இருட்டும்வரை வெளியில்தான் கிடக்க வேண்டும், அந்தக் காற்றில். வருவதென்றால் இப்போதே வர வேண்டும்.

“இன்னொரு அளவு கேளு” என்றாய். கேட்டேன். செல்வம் சொன்னார். தட்டினாய். அதே விடை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பழைய முறையாக இருந்தால் அப்போது வெளியூர்க்காரர் அட்டவணையைப் பாதிகூடப் படித்திருக்க மாட்டார்.

பேசும் விசையை நான் அழுத்தினேன். கவிழ்ந்த அந்தப் படகு நினைவுக்கு வந்து விசையை விட்டுவிட்டேன். நீ செட்டை என் கையிலிருந்து வாங்கினாய். “செல்வம் அண்ணே, வெள்ள ஏத்துங்க. இப்பவே ஏத்துங்க. நிக்க வாணாம்னு கையக் காட்டுங்க” என்றாய்.

“அல ஒடையுதும்மா.”

“தெரியும். திட்டு மேல தண்ணி கீது. இப்ப இருக்கறது அப்புறம் இருக்காது. ஏத்துங்கண்ணே.”

பிறகு வயர்லெஸ்ஸில் இரைச்சல் மட்டும்தான். நீ என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாய். உன் நகம் பதிந்த இடம் மறுநாள்வரை சிவந்திருந்தது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. திடீரென்று செல்வம் கத்தினார்: “ஒரு படகு திரும்பிடுச்சு! வருது! உள்ள வருது!” கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம், “வந்துட்டான்! ஏரிக்குள்ள வந்துட்டான்! பின்னால எல்லாரும் வராங்கம்மா!”

நீ நாற்காலியில் ஏறி நின்று இரண்டு கையையும் தூக்கிக் கூவினாய். நான் வெளியூர்க்காரரின் பீரோவைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன். அது சூடாக இருந்தது. கடைசிப் படகு உள்ளே வந்து வெகு நேரம் ஆவதற்குள் முகத்துவாரம் முழுதும் வெள்ளை வெளேரென்று கொதித்தது என்று செல்வம் சொன்னார். எல்லாப் படகும் உள்ளே. எல்லா ஆளும் உள்ளே.

அன்று சாயங்காலம் படிக்கட்டில் கனமான காலடி கேட்டது. காசிம் அண்ணன். ஈர லுங்கி, தலையில் துண்டு, கண்ணெல்லாம் உப்பு. வாசலிலேயே நின்றார். நீ எழுந்து நின்றாய். அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்றதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. கடைசியில் அவர் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இதுவா மிஷினு?” என்றார்.

“ஆமா.”

“எங்க, காட்டு.”

நீ காட்டினாய். போ என்றால் என்ன, வா என்றால் என்ன என்று ஒரு கலெக்டருக்கு விளக்குவது போல விளக்கினாய். அவர் பெஞ்சில் உட்கார்ந்து, முக்கால்வாசி புரியாமல், முழுதும் கேட்டார். போகும்போது படியில் திரும்பி, “காலைல சைக்கிள்ல வுட்டுர்றேன். வெயில்ல நடக்க வாணாம்” என்றார். தெருவின் அந்தக் கோடியில்தான் உங்கள் வீடு. ஆனாலும் மறுநாளிலிருந்து நீ சைக்கிளின் பின்னால் உட்கார்ந்துதான் வேலைக்கு வந்தாய், மகாராணி போல.

நிலையத்தை மூடவில்லை. திட்டம் முடியும்வரை நடந்தது. முகத்துவாரத்தைப் பிறகு எத்தனையோ தடவை மணல் மூடியது, எத்தனையோ தடவை வெட்டித் திறந்தார்கள். நாமும் சென்னைக்கு வந்தோம். நீ வங்கி வேலையிலும் நான் கல்லூரியிலும் திரைகளின் முன்னால் கிழவிகளானோம். மாதத்துக்கு ஒரு முறையாவது நீ போனில், “இன்னாடி காட்டூரு, எவன் எவனுக்காகக் காத்துகினு கெடக்கறான்?” என்று கேட்பாய். போன ஐப்பசியில் உனக்கு உடம்பு முடியாமல் போனபோதும் அதையேதான் கேட்டாய். அப்போது குரல் மட்டும் சின்னதாகியிருந்தது.

நீ போய்ச் சேர்ந்த பிறகு பழவேற்காட்டுக்குப் போனேன். காசிம் அண்ணன் தளர்ந்துவிட்டார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. டீ வந்தது. குடித்து முடித்தோம். பிறகு அவராகவே அந்த நாளைப் பற்றி ஆரம்பித்தார். முதலில் திரும்பி உள்ளே வந்த படகு அவருடையதுதான் என்பது எனக்கு அதுவரை தெரியாது. உனக்கும் தெரியாது. அவர் சொன்னதே இல்லை, செல்வம் உட்பட யாரையும் நம்மிடம் சொல்ல விடவும் இல்லை.

“படகுல நாலு பேரு. கொடி ஏறுது. யாரும் நம்பல. போன தபா கவுந்துச்சே, மறுபடியும் மாட்டிக்கணுமான்றான் ஒருத்தன். நான் சொன்னேன், அது என் தங்கச்சி போட்ட கணக்கு, தப்பா இருக்காது, திருப்புடான்னு. திருப்பிட்டேன். அவகிட்ட பேசியே மாசக்கணக்கா ஆயிருந்துச்சு. ஆனா வாயில அதான் வந்துச்சு.” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அவகிட்ட சொல்லணும்னு எத்தினியோ தபா நெனச்சேன். நாளைக்கு, நாளைக்குன்னு போயிடுச்சும்மா. நீ சொல்லிடு.”

எப்படிச் சொல்வது என்று நான் கேட்கவில்லை. சரிண்ணே என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் ஏறியதிலிருந்து இன்றுவரை அந்த ஒரு வாக்கியத்தைத்தான் சுமந்துகொண்டிருக்கிறேன். கேட்டுக்கொள்ளடி: அன்று கடலில், அத்தனை படகுக்கும் முன்னால், கொடி ஏறிய உடனே உன்னை நம்பித் திருப்பியது உன் அண்ணன்தான்.

உன்
காட்டூரு